பக்கத்து வீட்டு டிராக்டர்

1. "பெரிய வக்கீல் இல்லியா?"

குப்பம்மாள் எங்கள் ஆபீசுக்குள் வந்ததும் செய்த முதல் காரியம், என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தது.

"வக்கீல் இல்லியா?"

"நான்தாம்மா வக்கீல். உக்காருங்க."

"நீ வக்கீல்தான் கண்ணு, கோட்டு போட்டுக்கினுதான் கீறே. பெரிய வக்கீல் இல்லியான்னு கேட்டேன்."

சீனியர் அன்று வெளியூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். உத்திரமேரூரில் எங்கள் ஆபீஸ் மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. அதில் நானும் ஒரு டைப்பிங் மெஷினும் இருந்தோம். வாய்தா வாங்குவதும் ஃபைல் தூக்குவதும்தான் அதுவரை என் வேலை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். லா காலேஜ் படி ஏறிய முதல் ஆளும் நானேதான். இதை நான் ஒருபோதும் அடக்கமாகச் சொன்னதில்லை. என் கறுப்பு கோட்டை அம்மா கொல்லைப்பக்கம் காயப்போட மாட்டாள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணிலும் படும்படி தெருப்பக்கக் கொடியில்தான் போடுவாள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைத் தாண்டி ஒருவர் எட்டிப் பார்த்தால் கோபம் வராதா? வந்தது. முழுங்கிக்கொண்டு, "பெரிய வக்கீல் வர்றதுக்குள்ள சின்ன வக்கீல் கிட்ட சொல்லுங்க" என்றேன்.

மஞ்சள் பையிலிருந்து முதலில் வேர்க்கடலை வந்தது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம்.

அவளுடைய வீட்டுக்காரர் எத்திராஜ், நெல் அறுவடை மெஷின் ஓட்டியவர். மானாம்பதி பக்கம் அவர் ஓட்டாத வயல் கிடையாது. ஒரு நாள் வரப்பு சரிந்து மெஷின் கால்வாயில் கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. நல்ல காலம், மெஷின் முதலாளி வற்புறுத்தியதில் முன்பே ஒரு பாலிசி எடுத்திருந்தார். அதில் ஒரு ரைடர் இருந்தது. ரைடர் என்றால் பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் பாதுகாப்பு. விபத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டு, எந்த வேலையும் செய்து சம்பாதிக்க முடியாமல் போனால், பத்து வருஷத்துக்கு மாதாமாதம் வருமானம் தருவார்கள். அந்த வருமானத்துக்குத்தான் கிளைம் போட்டிருந்தார்கள்.

கிளைம் ரிஜெக்ட் ஆகிவிட்டது. காரணம் மூன்றே வரி. பாலிசிதாரர் நல்ல உடல்நிலையில் இருக்கிறார், விவசாயம் செய்கிறார், டிராக்டர் ஓட்டிச் சம்பாதிக்கிறார் என்று கள விசாரணையில் தெரியவந்துள்ளதாம்.

"டிராக்டர் ஓட்றாராம்மா?"

"அவுரா? நாங்க ரெண்டு பேரு தூக்கி வெச்சாதான் கண்ணு அவுரு வாசலையே பாப்பாரு!"

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். பலன் இல்லை. விசாரணை ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டோம், அது மட்டும் வந்தது. அதோடு ஒரு கலர் போட்டோ. எத்திராஜ் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் வாட்ச் சகிதம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சந்தனப் பொட்டு வைத்த சிவப்பு டிராக்டர். ஊர்க்காரர்கள் பலரும் அவரைப் பற்றிச் சொன்னதும் வரிசையாக எழுதியிருந்தது. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை.

சீனியர் போட்டோவைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஊரே சாட்சி சொல்லியிருக்கு. கேஸ் வீக்கும்மா. நீயே பாத்துக்கோ."

சீனியர் வாயிலிருந்து "நீயே பாத்துக்கோ" வந்தால், அது தோற்கப்போகிற கேஸ். ஜூனியராக இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும்.

2. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கட்சிக்காரர்கள் நம்மிடமே பொய் சொல்கிறார்களோ? அரசு மருத்துவமனை மருத்துவர் குழு கொடுத்த ஊனச் சான்று கையில் இருக்கிறது. ஆனால் டிராக்டரும் கண் முன்னால் நிற்கிறதே! சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாளே பஸ் ஏறினேன்.

பஸ் நின்ற இடத்திலேயே ஒரு டீக்கடை. கடைக்காரர் பச்சையம்மாள், ஐம்பது வயதிருக்கும். பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, பெரிய துப்பறியும் ஆள் மாதிரி கேட்டேன்.

"அக்கா, இங்க எத்திராஜ்னு ஒருத்தர் இருக்காராமே. அவரப் பத்தி கொஞ்சம் விசாரிக்கணும்."

பச்சையம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு துணி எடுத்து பெஞ்சைத் துடைத்தாள்.

"குந்து கண்ணு, குந்து. எத்திராஜி அண்ணனப் பத்தியா? அவுருக்கு இன்னா குறச்சல்! சிங்கம் மாரி கீறாரு."

"நடக்கறாரா?"

"நடக்கறாராவா? காலைல எய்ந்தா கயினிக்குப் போவாரு. பொயுது சாயத்தான் வூட்டுக்கே வருவாரு."

"டிராக்டர் இருக்குதாமே?"

"சொந்த டிராக்டரு."

"ரெண்டு" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியவர்.

பச்சையம்மாள் அவரை முறைத்தாள். "அவுரு கெடக்கறாரு. ஒண்ணுதான் கண்ணு. ஆனா புச்சு."

டீ வந்தது. சர்க்கரை தூக்கல். காசு எடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். சரிதான், நம் கட்சிக்காரர் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார், சீனியர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள்:

"பொண்ணு மட்டும் இன்னா? தங்கம்! குரல் ஒசத்தி ஒரு வார்த்த பேசாது. இட்லி சுட்டா பூ மாரி கீது."

நான் பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

"உங்க அண்ணனுக்கு இன்னா வேலை கண்ணு?"

"எந்த அண்ணன்?"

"தம்பிக்கா பாக்கறீங்க?"

எனக்குப் புரிந்த அந்த நொடியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் ஒரு ஆளை அனுப்புவார்கள். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, யாரென்று சொல்லாமல், "சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். ஊர் முழுக்க அந்தக் குடும்பத்தை உயர்த்திப் பேசும். அதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாணத்துக்கு மொய் வைப்பது மாதிரிதான் இதுவும். பணம் இல்லாதவர்களும் வைக்கக்கூடிய மொய்.

கறுப்பு வெள்ளையில் புடவை கட்டி, கையில் ஃபைலோடு போயிருக்கிறேன். ஒருவருக்கும் வக்கீல் என்று தோன்றவில்லை, நாத்தனார் என்று தோன்றியிருக்கிறது. அந்த வருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

"அக்கா, நான் வக்கீல். எத்திராஜ் அண்ணனோட இன்சூரன்ஸ் கேஸ் நான்தான் பாக்கறேன். முன்னாடி ஒருத்தர் வந்து இதே மாதிரி விசாரிச்சாரா?"

"ஆமா, பைக்ல வந்தாரு. பேன்ட்டு சட்டை போட்டுக்கினு. அவுரு மாப்ள வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"அவர் இன்சூரன்ஸ்காரர் அக்கா."

பச்சையம்மாள் தலையில் கை வைத்தாள். பின்னால் பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"எனுக்குக் கயினில வேலை கீது" என்று பெரியவர் எழுந்தார்.

"குந்துய்யா! ரெண்டு டிராக்டரு குடுத்த ஆளாச்சே நீ. குந்து!"

3. வெள்ளைச் சட்டை

பச்சையம்மாளே என்னை எத்திராஜ் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "எம்மா பேஜாரு பண்ணிட்டோம். எம்மா பேஜாரு!"

அன்று நடந்ததைக் குப்பம்மாள் சொன்னாள். பைக் ஆள் டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தபோதே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சட்டை மாட்டினார்கள். வீல்சேரிலிருந்து தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். வீல்சேர் அடுக்களைக்குள் போனது. பக்கத்து வீட்டுக் கோவிந்தன் யாரும் கேட்காமலேயே தன் டிராக்டரைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில் நிறுத்தினார். வந்தவரைப் பார்த்து எத்திராஜ் எழுந்திருக்காதது தப்பாகத் தெரியக்கூடாதே? அதற்கும் குப்பம்மாள் வழி வைத்திருந்தாள்.

"'நீ எய்ந்துக்காதய்யா, இப்பதான் கயினிலேர்ந்து வந்து குந்தினே'ன்னு நானே சொன்னேன் கண்ணு. அவுரு போட்டோ எடுத்துக்கட்டான்னு கேட்டாரு. மாப்ளகிட்ட காட்டத்தான்னு நெனச்சி, தோ, இந்த வாட்ச்ச கூட நாந்தான் மாட்டி வுட்டேன்."

அந்த ஆள் திரும்பி வராததற்கு, ஜாதகம் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசி ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கடிதத்தையும் அந்த ஆளையும் யாரும் சேர்த்தே பார்க்கவில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேஸ் கையில் இருக்கிறது. ஆளாளுக்கு அன்று ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். நான் சொல்லிக்கொண்டே போனேன். எத்திராஜ் குறுக்கிட்டார். நல்ல உயரமான மனுஷன், கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"கேஸு வேணாம்மா."

"ஏண்ணே?"

"நான் இப்டி கீறது ஊருக்கே தெரியும். ஊர்ல ஒர்த்தன் அத வாயால சொன்னதில்ல. டீக்கடைல கூட, 'இன்னாண்ணா, கயினிக்குப் போலியா?'ன்னுதான் கேப்பானுங்க. இப்ப அவுங்களையே கோர்ட்டுக்கு இட்டுக்கினு போயி, 'எத்திராஜி எதுக்கும் ஒதவ மாட்டான்'னு சொல்ல வெக்கணுமா? அத எய்தி வெச்சப்புறம் எம்பொண்ண யாரு கட்டுவான்?"

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு இல்லை. மாதாமாதம் வரவேண்டிய வருமானம் இல்லாமல் குப்பம்மாள் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகள் சுகந்தி உத்திரமேரூர் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பத்து வருஷம் இந்த வீடு எதை வைத்து ஓடும் என்பது இந்தக் கேஸில்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்வதற்குள் வாசல்பக்கமிருந்து சுகந்தியின் குரல் வந்தது. குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத பெண் என்று பச்சையம்மாள் சொன்ன அதே பெண்.

"யப்பா, என்னக் கட்டிக்கப் போறவன் என்னத்தான கட்டிக்கப் போறான்? உங்கால வந்து கட்டிக்கப் போறானா? கல்யாணத்தன்னிக்கும் உன்ன நாற்காலில குந்த வெச்சி, 'இப்பதான் கயினிலேர்ந்து வந்தாரு'ன்னு சொல்லிக்கினே இருக்கணுமா? மறுநாளு? அதுக்கு மறுநாளு?"

எத்திராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எங்கம்மா கையெய்த்து போடணும்?" என்றார்.

4. கூண்டில் பச்சையம்மாள்

நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டோம். அங்கே பெரும்பாலும் எல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும். சாட்சியை நேரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். ஆனால் பிரமாணப் பத்திரங்களில் ஊரே ஒரே மூச்சில் பல்டி அடித்ததைப் பார்த்த கம்பெனி வக்கீல், பச்சையம்மாளை நேரில் விசாரிக்க வேண்டும் என்று மனு போட்டார். ஆணையத் தலைவரான அம்மையார் அனுமதித்தார். நானும் பதிலுக்கு, பைக்கில் வந்த அந்த இன்வெஸ்டிகேட்டரை விசாரிக்க வேண்டும் என்றேன். அதற்கும் அனுமதி கிடைத்தது.

பச்சையம்மாள் பட்டுப்புடவையில் வந்தாள். "கல்யாணத்துக்கா போறோம் அக்கா?" என்றேன். "கோர்ட்டுக்கு மொத தபா வரேன், சோக்கா வர வேணாமா?" என்றாள்.

கம்பெனி வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார்.

"எங்க ஆள் கிட்ட நீங்க எத்திராஜ் வயலுக்குப் போறார்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"டிராக்டர் சொந்தம்னு?"

"அதுவும் சொன்னேன்."

"இப்ப அதெல்லாம் பொய்ங்கறீங்க."

"ஆமா சார்."

"அன்னிக்குப் பொய் சொன்ன நீங்க இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்றீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சாட்சிக்குக் கண்ஜாடை காட்டக்கூடாது.

"சார், அன்னிக்கு கல்யாணத்துக்குச் சொன்னேன். இன்னிக்கு சத்தியம் பண்ணிச் சொல்றேன். உங்க கல்யாணத்துக்கு உங்க ஊர்ல விசாரிச்சிருப்பாங்களே, அப்ப உங்க ஊர்க்காரங்க இன்னா சொன்னாங்க? உள்ளதச் சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

பின்வரிசையில் இருந்த வக்கீல்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் அம்மையார் பேனாவை எடுத்து உதட்டில் வைத்து மறைத்துக்கொண்டு, "அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல, வக்கீல் சார்" என்றார்.

சிரிப்பு வந்தால் கேஸ் ஜெயித்துவிடாது. இதை ஜூனியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து இன்வெஸ்டிகேட்டர் வந்தார். கெட்ட ஆள் இல்லை, ஒரே நாளில் நாலைந்து ஊர் சுற்றுகிற மனுஷன். வெயிலில் கறுத்திருந்தார். நான் ராத்திரியெல்லாம் எழுதி வைத்த கேள்விகளை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம்தான் கேட்டேன்.

"ஊர்ல யார்கிட்டயாவது நீங்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வர்றதா சொன்னீங்களா?"

"இல்ல மேடம். சொன்னா உஷாராயிடுவாங்க."

"என்ன சொன்னீங்க?"

"சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்னு."

"எத்திராஜை எழுந்து நிக்கச் சொன்னீங்களா?"

"இல்ல. அவர் வீட்டம்மா, இப்பதான் வயல்லேர்ந்து வந்தார்னாங்க."

"உங்களுக்கு என்ன சாப்பிடக் குடுத்தாங்க?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். தலைவர் அம்மையார், "பரவாயில்ல, சொல்லட்டும்" என்றார்.

"கேசரி, பஜ்ஜி, காபி" என்றார் அந்த மனுஷன். சொல்லும்போதே அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "மத்த வீட்லல்லாம் தண்ணிகூட குடுக்க மாட்டாங்க மேடம். அங்க மட்டும் ரொம்ப மரியாதையா இருந்தாங்க."

அதற்குப் பிறகு போட்டோவைக் காட்டினேன். டிராக்டரின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. அந்த நம்பருக்கான ஆர்.சி. புத்தகம் கோவிந்தன் பெயரில் இருந்தது. கோவிந்தனின் பிரமாணப் பத்திரமும் இருந்தது. மருத்துவர் குழுவின் சான்று கையில் இருந்தும், கம்பெனி தன் டாக்டர் ஒருவரை அனுப்பிக்கூட எத்திராஜைப் பரிசோதிக்கவில்லை, டீக்கடைப் பேச்சை மட்டும் நம்பிக் கிளைமைத் தள்ளிவிட்டது என்று வாதத்தை முடித்தேன். சீனியர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

5. உத்தரவும் ஒரு சம்பந்தமும்

உத்தரவுக்குத் தேதி தள்ளிக்கொண்டே போனது. அதற்கு நடுவில் ஒரு நாள் குப்பம்மாள் ஆபீசுக்கு மூச்சுவாங்க வந்தாள். இந்த முறை என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. சீனியர் இருந்தும் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அந்தப் பச்சையம்மா குடியக் கெடுத்துட்டா கண்ணு!"

முந்தின நாள் ஒரு கணவனும் மனைவியும் டீக்கடையில் இறங்கி, எத்திராஜ் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். பச்சையம்மாள் டீ போடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறாள்: "இன்சூரன்சா, சம்மந்தமா?"

"சம்பந்தம்தான்" என்றிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு தடவை சூடுபட்டவள் அவள். கோர்ட்டில் சத்தியம் வேறு பண்ணியிருக்கிறாள். "எதுவா இருந்தாலும் ஒரே பதில்தான். எத்திராஜி அண்ணனால நடக்க முடியாது. டிராக்டரு கோவிந்தனோட்து. பொண்ணு வாயாடி. ஆனா தங்கம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"போயிட்டாங்களா?" என்றேன்.

"எங்க போறது? வூட்டுக்கு வந்து குந்திக்கினாங்க! அந்தப் பையனோட அப்பாரு எங்கூட்டுக்காரராண்ட சொல்றாரு, 'மூணு ஊரு சுத்திட்டு வரோம். எல்லா ஊர்லயும் எல்லாரும் சிங்கமாவே கீறாங்க. இங்கதான் ஒரு மனுசனப் பாத்தோம்'னு. அடுத்த வாரம் பையன இட்டாராங்களாம்!"

"அப்ப எதுக்குக் குடியக் கெடுத்துட்டான்னு சொன்னீங்க?"

"வாயாடின்னு சொல்லியிருக்காளே! அத எதுக்குச் சொல்லணும்?"

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. கிளைம் தள்ளப்பட்ட நாளிலிருந்து மாத வருமானத்தை வட்டியோடு தர வேண்டும், மீதி வருஷங்களுக்கும் தவறாமல் தர வேண்டும் என்று சொன்னது. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. சீனியர் என்னைப் பாராட்டவில்லை. வேறு ஒரு ஃபைலைத் தள்ளி, "நீயே பாத்துக்கோ" என்றார். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

இப்போது இன்சூரன்ஸ் தகராறு என்று எந்த ஊருக்குப் போனாலும், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: "நான் வக்கீல். கல்யாணம் விசாரிக்க வரல." யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஜனங்கள் சொல்லும் பதில் கேள்விக்கு வந்த பதில் இல்லை, ஆளுக்கு வந்த மரியாதை. அதை வைத்து ஒருவருடைய சோற்றைத் தள்ளக்கூடாது. புதிதாக வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அவர்கள் ஃபைலைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன் அந்த ஊருக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும்.

சுகந்தி கல்யாணத்துக்குக் கோட்டு போடாமல், பட்டுப்புடவையில் போனேன். எத்திராஜ் அதே வெள்ளைச் சட்டையில், வீல்சேரில், மண்டப வாசலிலேயே உட்கார்ந்து எல்லாரையும் வரவேற்றார். சீர்வரிசை, மாலை போட்ட சிவப்பு டிராக்டரில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒருவர், "வண்டி பொண்ணு வீட்டுதா?" என்று கேட்டுவிட்டார்.

"கோவிந்தனோட்து" என்றார் எத்திராஜ், பச்சையம்மாள் வாயைத் திறப்பதற்குள். "வேணும்னா எய்தி வெச்சிக்கோங்க."